படத்தின் பின்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது?

கேள்வி சுருக்கமாக இது: "சிங்கப்பூரில் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவச் சபையின் கீழ்த்தளத்தில் சிறிய காட்சிக்கூடம் இருக்கிறது. சுவர் நீளம் 12 மீட்டர். இலங்கையின் நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளியின் பிள்ளைகள் வரைந்த 80 படங்களை அனுப்பத் தயாராக இருக்கிறார்கள். எல்லாம் ஏ3 தாள். எப்படி வரவழைப்பது, எப்படி மாட்டுவது, அனுமதி ஏதும் வாங்க வேண்டுமா, பக்கத்தில் ஓர் உண்டியல் வைக்கலாமா?"

படச்சட்டம் போடும் தொழிலில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவன் நான். எங்கள் சபை மண்டபத்தில் வெளிநாட்டுப் பிள்ளைகளின் படங்களை மூன்று முறை மாட்டியிருக்கிறேன். முதல் முறை சொதப்பினோம். அந்தச் சொதப்பலிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி அதில்தான் இருக்கிறது.

அப்போதும் படங்கள் இலங்கை மலையகத்திலிருந்துதான் வந்தன. கட்டைப் பிரித்ததும் நாங்கள் நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, கோப்பி குடித்துக்கொண்டே ஒவ்வொரு படத்துக்கும் பெயர் வைத்தோம். ஒரு படத்தில் தாள் முழுக்கச் சாம்பலும் பழுப்புமாகச் சின்னச் சின்னக் கோடுகள், எல்லாம் சற்றுச் சாய்ந்தவை. கீழே ஒரு பெண் குனிந்து நிற்கிறாள். "அடைமழை" என்று அழகாக அச்சடித்து ஒட்டினோம். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மதியம், இங்கே ஒரு வீட்டில் பணிப்பெண்ணாக வேலை பார்க்கும் பெண் ஒருவர் விடுப்பு நாளில் வந்தார். தலவாக்கலைப் பக்கத்துக்காரர். அந்தப் படத்தின் முன்னால் நின்றவர் நகரவே இல்லை. அப்புறம் என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணே, இது மழையில்ல. கவ்வாத்து வெட்டுன மலை."

தேயிலையை அப்படியே விட்டால் மரமாக வளர்ந்துவிடும். கைக்கு எட்டும் உயரத்தில் நிற்க வேண்டும் என்பதற்காகச் சில வருடங்களுக்கு ஒருமுறை செடியை ஒட்ட வெட்டுவார்கள். அதுதான் கவ்வாத்து. வெட்டிய மலையில் பச்சையே இருக்காது, வெறும் குச்சி. அந்தக் குச்சிக்கு மிலாறு என்று பேர், அடுப்பெரிக்க ஆகும். படத்திலிருந்த பெண் மழையில் நனையவில்லை, விறகு பொறுக்கிக்கொண்டிருந்தாள். கண்காட்சி முடிந்து, அட்டையிலிருந்து படத்தைப் பிரித்தபோது பின்பக்கத்தில் பென்சிலில் மங்கலாக இருந்தது: "அம்மா மிலாறு பொறுக்குது." பிள்ளை சொல்லித்தான் அனுப்பியிருக்கிறது. நாங்கள்தான் அதன்மேல் ஒட்டு நாடா போட்டு மூடிவிட்டோம்.

அதனால் உங்கள் முதல் வேலை சிங்கப்பூரில் இல்லை, அந்தப் பள்ளியில் இருக்கிறது. தாள் பள்ளியை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே பின்பக்கத்தில் இரண்டு விஷயம் ஏறியிருக்க வேண்டும். மேலே, படத்தில் என்ன இருக்கிறது என்று பிள்ளை தன் கையெழுத்தில் எழுதிய ஒன்றிரண்டு வரி. கீழ் ஓரத்தில் பெயர், வயது, வகுப்பு. மென்மையான பென்சிலில், அழுத்தாமல். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறும். எழுத்துப் பிழையை ஆசிரியர் திருத்த வேண்டாம் என்று அதிபரிடம் மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே தலைமையாசிரியரை அதிபர் என்றுதான் சொல்வார்கள், கடிதத்திலும் அப்படியே எழுதுங்கள். எது மேல்பக்கம் என்று ஓர் அம்புக்குறியும் போடச் சொல்லுங்கள். சிரிக்காதீர்கள், பிள்ளைகள் படத்தில் இது நிஜமாகவே தேவைப்படும்.

பெயருக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் என்று கேட்டால், எனக்கு ஒரே ஓர் உதாரணம் போதும். இரண்டாம் உலகப் போரின்போது, செக் நாட்டில் நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்திருந்த டெரசின் முகாமில் ஃபிரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவியர் பிள்ளைகளுக்குப் படம் வரையக் கற்றுக்கொடுத்தார். வரைந்த தாளில் தங்கள் பெயரை எழுத வைத்தார். 1944 அக்டோபரில் அவரை ஆஷ்விட்சுக்கு அனுப்பிக் கொன்றார்கள். அதற்கு முன் சுமார் 4,500 படங்களைப் பெட்டிகளில் அடைத்து முகாமில் விட்டுச் சென்றிருந்தார். அவை இப்போது பிராகின் யூத அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றில் சிலவற்றைப் பிங்கஸ் தொழுகைக்கூடத்தில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். வழிபாட்டு இடத்தில் பிள்ளைகளின் படம் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான். வரைந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் உயிரோடு திரும்பவில்லை. எந்தப் படம் எந்தப் பிள்ளையுடையது என்று இன்றைக்கும் சொல்ல முடிகிறதென்றால் தாளில் இருக்கும் பெயரால்தான்.

ஆனால் பின்பக்கம் எழுதிய பெயரை அப்படியே சுவரில் ஒட்டக்கூடாது. சிங்கப்பூரின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் சபைகளுக்கும் பொருந்தும். முழுப்பெயர், பள்ளி, தோட்டத்தின் பெயர் மூன்றும் ஒரே சீட்டில் இருந்தால் யார் வேண்டுமானாலும் அந்தப் பிள்ளையின் வீட்டு வாசல்வரை போய்விடலாம். வருகிறவர் ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி இருக்கிறது, அன்று மாலையே படம் பேஸ்புக்கில் ஏறிவிடும். இன்னொரு பக்கம், படத்தின் பதிப்புரிமை அந்தப் பிள்ளைக்குச் சொந்தம். தாள் உங்கள் கையில் இருப்பதால் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. 2021-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டம், படைத்தவரை அடையாளம் காட்ட வேண்டும் என்றும் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவே நான் கண்ட வழி: பெற்றோர் கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தில் "படத்தின் கீழே எந்தப் பெயரைப் போடட்டும்?" என்று ஒரு வரி. பிள்ளையே நிரப்பட்டும். பெரும்பாலும் முதற்பெயரும் வயதும் வரும். சிலர் வீட்டில் கூப்பிடும் பெயரை எழுதுவார்கள். அதுவே இருக்கட்டும். அதே படிவத்தில் காட்சிக்கு வைப்பது, புகைப்படம் எடுப்பது, அச்சடிப்பது மூன்றுக்கும் தனித்தனியாகக் கேட்டுவிடுங்கள். வாழ்த்து அட்டை போடலாம் என்ற யோசனை எந்தச் சபைக்குழுவிலும் இரண்டாவது கூட்டத்தில் வந்தே தீரும். படிவம் தமிழில் இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

படங்களை அனுப்பும் விதம். சுருட்டிக் குழாயில் போடவே கூடாது. போஸ்டர் வண்ணம் காய்ந்தால் ஓடு மாதிரி ஆகிவிடும், சுருட்டினால் வெடித்து உதிரும். தட்டையாக, இரண்டு பக்கமும் கனமான அட்டை வைத்து, ஒவ்வொரு படத்துக்கும் நடுவே பட்டர் பேப்பர். ஆயில் பாஸ்டல் படங்களுக்கு அது இல்லாவிட்டால் ஒரு படத்தின் சூரியன் அடுத்த படத்தின் மாட்டின் மேல் ஒட்டிக்கொண்டு வரும். மொத்தத்தையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, உள்ளே ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இரண்டு.

சுங்கம் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள், பெரிய விஷயமில்லை. விமானத்திலோ தபாலிலோ வரும் பொருளின் மதிப்பு, காப்புறுதியும் அனுப்புகூலியும் சேர்த்து 400 சிங்கப்பூர் வெள்ளிக்குள் இருந்தால் இறக்குமதிக்குப் பொருள் சேவை வரி கிடையாது. "விற்பனைக்கு அல்லாத மாணவர் ஓவியங்கள்" என்று தெளிவாக எழுதி, நியாயமான சிறு மதிப்பைப் போடச் சொல்லுங்கள். பாசத்தில் யாராவது படத்துக்கு 50 வெள்ளி என்று எழுதிவிட்டால் 80 படத்துக்கு 4,000 வெள்ளி, 9 விழுக்காட்டில் 360 வெள்ளி வரி. கண்காட்சிப் பொருளைத் தற்காலிகமாகக் கொண்டுவந்து ஆறு மாதத்துக்குள் திருப்பி அனுப்பும் முறையும் சுங்கத்துறையில் உண்டு. ஆனால் அதற்குப் பிணைத்தொகை கட்ட வேண்டும். பள்ளிப் பிள்ளைகளின் தாளுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

வந்த கட்டை அன்றைக்கே பிரிக்காதீர்கள். மலை ஈரத்தில் கட்டிய பார்சல் இங்கத்திய வெக்கைக்கு வந்திருக்கிறது. ஒரு முழு நாள் மண்டபத்தில் அப்படியே கிடக்கட்டும். பிரித்த பிறகு இரண்டு நாள் அட்டைக்கு நடுவே பாரம் வைத்துப் படுக்கப் போடுங்கள்.

இனி சுவர்க் கணக்கு. ஏ3 தாள் படுக்கைவாட்டில் 42 சென்டிமீட்டர். அதைவிடப் பெரிய அட்டையில், பக்கத்துக்கு 5 சென்டிமீட்டர் விளிம்பு விட்டு வைத்தால் 52. அட்டைக்கும் அட்டைக்கும் நடுவே 5 விட்டால் 12 மீட்டருக்கு 21 படம் வரும். மேலும் கீழுமாக இரண்டு வரிசை போட்டால் 42. "80-இல் நல்லதாக 40-ஐத் தேர்ந்தெடுப்போம்" என்று உடனே ஒருவர் சொல்வார். ஒப்புக்கொள்ளாதீர்கள். தன் படம் சிங்கப்பூருக்குப் போனது என்று தோட்டம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரியும் பிள்ளை, அது பெட்டிக்குள்ளேயே கிடந்தது என்று எப்படியும் தெரிந்துகொள்ளும். இரண்டு தவணையாக மாட்டுங்கள், முதல் இரண்டு வாரம் 40, அடுத்த இரண்டு வாரம் 40. அட்டை 42 வாங்கினால் போதும், இரண்டு தவணைக்கும் அதுவே. சுவிட்சு, தீயணைப்பான், கதவு இருக்கும் இடமெல்லாம் கணக்கில் கழியும், அதற்கு ஈடாக மடக்குப் பலகை இரண்டு கடன் வாங்கி வையுங்கள். கீழ் வரிசையின் நடு உயரம் தரையிலிருந்து ஒரு மீட்டர், மேல் வரிசை ஒன்றரை. கீழ் வரிசை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கானது. குனிய முடியாத பெரியவர்கள் குறை சொல்வார்கள், சொல்லட்டும்.

ஒட்டுவதுதான் எல்லோரும் தவறும் இடம். புளூ டாக் என்ற ஒட்டு மாவு சுவருக்கு நல்லது, தாளுக்கு எமன். நாலு வாரத்தில் அதன் எண்ணெய் ஊறி நாலு மூலையிலும் மஞ்சள் பொட்டு வைத்துவிடும், எதைச் செய்தாலும் போகாது. இருபக்க ஒட்டு நாடா, செலோடேப், மைதாப் பசை எதுவும் வேண்டாம். பழைய புகைப்பட ஆல்பத்தில் படத்தின் நாலு மூலையைச் செருகுவோமே, அந்த மூலைப் பைகள் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் கிடைக்கின்றன. பிராஸ் பாசா வளாகத்து ஓவியக் கடைகளில் கேளுங்கள். பசை அட்டையில்தான் ஒட்டும், தாளைத் தொடாது. படத்தை நொடியில் உருவி மாற்றலாம், இரண்டு தவணைக்கும் அது வசதி. அட்டை அமிலம் இல்லாததாக இருக்கட்டும். அட்டையைச் சுவரில் ஆணி அடிக்காமல் மேலே கம்பியில் தொங்கவிடுவது நல்லது. உங்கள் ஆலயம் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டதா என்று முதலில் பாருங்கள். தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக 1888-இல் எழுந்த ஓஃபிர் சாலை லூர்து மாதா ஆலயம் 2005 முதல் அப்படி ஒரு சின்னம். அத்தகைய கட்டடத்தில் சுவரைத் துளைப்பதற்கு முன் தேசிய மரபுடைமைக் கழகத்திடம் பேசியாக வேண்டும்.

பின்பக்கத்துக்கு வருகிறேன். பிள்ளை எழுதிய வரியை நகலெடுத்து, அதே கோணல் எழுத்திலேயே, படத்துக்குக் கீழே விளக்கச் சீட்டாக வையுங்கள். ஆங்கிலத்தை மட்டும் அடியில் சிறிதாக அச்சடித்தால் போதும். எங்கள் இரண்டாவது கண்காட்சியில் இதைச் செய்தோம். முந்திய முறை படங்களை நடந்தபடி பார்த்துப் போனவர்கள் இந்த முறை சீட்டைப் படிக்க நின்றார்கள், படித்துவிட்டுப் படத்தை மறுபடி பார்த்தார்கள். "லயத்துக் காம்பரா", "இஸ்தோப்பு" என்ற சொற்கள் நம் பிள்ளைகளுக்குப் புரியாது. வரிசை வீட்டு அறை, முன்திண்ணை என்று பக்கத்தில் சின்னதாக எழுதிவிட்டால் சரி, பிள்ளையின் சொல்லை மாற்ற வேண்டாம்.

நாலைந்து படங்களை இரண்டு அக்ரிலிக் தகட்டுக்கு நடுவே வைத்து மண்டபத்தின் நடுவில் தொங்கவிட்டால் பின்பக்கமும் நேராகத் தெரியும். ரொம்ப நன்றாக இருக்கும். ஆனால் பென்சில், நீர்வண்ணப் படங்களை மட்டும் இப்படிச் செய்யுங்கள். அக்ரிலிக்கில் நிலைமின்சாரம் உண்டு, சாக்பீஸ் வண்ணத் தூளைத் தாளிலிருந்து இழுத்துவிடும். ஆயில் பாஸ்டலோ தகட்டிலேயே அப்பிக்கொள்ளும். பெயர் விவரம் கீழ் ஓரத்தில் இருப்பதால் ஒரு காகிதப் பட்டையால் அதை மறைத்துவிடலாம். அங்கே எழுதச் சொன்னது இதற்காகவும்தான்.

ஈரம் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். அருங்காட்சியகங்கள் காகிதத்தை 50-ஐ ஒட்டி வைத்திருக்கப் பார்க்கும். நம் மண்டபங்களில் நடப்பது வேறு: ஞாயிற்றுக்கிழமை காலை ஏர்கான் முழு வேகத்தில் ஓடும், மதியம் அணைத்தால் அடுத்த ஞாயிறுவரை மூடிய அறை. தாள் ஞாயிற்றுக்கிழமை காய்ந்து சுருங்கி, திங்கட்கிழமை ஈரம் குடித்து உப்பும். அந்த ஏற்ற இறக்கத்தில் போஸ்டர் வண்ணம் விரிசல் விடும், தாள் அலை அலையாக நெளியும். வார நாட்களிலும் ஏர்கான் போட உங்களால் முடியாது, மின்கட்டணம் யார் கட்டுவது? ஞாயிற்றுக்கிழமை வேகத்தைக் குறைத்து, மற்ற நாட்களில் மின்விசிறியும் ஈரம் உறிஞ்சும் இயந்திரமும் ஓட்டினால் போதும். அட்டைக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி விடுங்கள். வெளிச்சுவர் ஈரம் அங்கேதான் தங்கும், பூஞ்சையும் அங்கேதான் தொடங்கும். தரை துடைக்கும் அண்ணனிடம், துடைத்தபின் கதவைச் சாத்த வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். ராமபாணப் பூச்சிக்குப் பள்ளிக்கூடத் தாள் என்றால் விருந்து. பழைய பாட்டுப் புத்தக அலமாரி பக்கத்தில் இருந்தால் நகர்த்திவிடுங்கள்.

மேற்குச் சன்னல் இருந்தால் திரை போடுங்கள். காகிதத்தில் வரைந்த படத்துக்கு அருங்காட்சியகத்தில் 50 லக்ஸ் அளவு வெளிச்சம்தான் தருவார்கள், நம் கூடங்களில் அதைப்போலப் பல மடங்கு இருக்கும். பென்சிலும் கிரேயானும் ஓரளவு தாங்கும். ஃபெல்ட் பேனா தாங்காது, நேர் வெயில் பட்டால் சில வாரங்களிலேயே நிறம் வெளுத்துவிடும். ஆக மொத்தம் நாலு வாரத்துக்கு மேல் எந்தப் படமும் சுவரில் வேண்டாம்.

அனுமதி. பொதுமக்கள் வந்து போகும் இடத்தில் ஓவியக் காட்சி வைப்பது கலை நிகழ்ச்சி உரிமத்தின் கீழ் வரக்கூடியது. உங்கள் கூடம், நுழைவு முறை, காட்சி நாட்கள் எல்லாம் எழுதி தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்திடம் மூன்று மாதம் முன்பே கேட்டு, பதிலைக் கோப்பில் வையுங்கள். யாரும் நினைத்துப் பார்க்காத இன்னொன்று கொடி. வெளிநாட்டுத் தேசியச் சின்னங்களை அனுமதியின்றிப் பொது இடத்தில் காட்டுவது 1949-இலிருந்து இங்கே குற்றம். 500 வெள்ளிவரை அபராதம், ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். வரவேற்பு அழகாக இருக்கட்டும் என்று இளையர் குழு இலங்கையின் சிங்கக்கொடித் தோரணம் கட்டக் கிளம்பும். தடுத்துவிடுங்கள், தேயிலைப் பச்சையில் தோரணம் கட்டச் சொல்லுங்கள். படத்துக்குள்ளேயே கொடி வரைந்திருந்தால் விண்ணப்பத்தோடு அந்தப் படத்தின் நகலையும் வைத்துக் கேட்டுவிடுவது உத்தமம்.

உண்டியல்: வைக்காதீர்கள். வெளிநாட்டு அறப்பணிக்காக இங்கே பொதுமக்களிடம் நிதி திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். பொது விதியாக, திரட்டும் நிகரத் தொகையில் 80 விழுக்காடு சிங்கப்பூருக்குள்ளேயே செலவாக வேண்டும். விலக்குப் பெறாவிட்டால் 1,000 வெள்ளி சேர்ந்தால் 200 வெள்ளிதான் கடல் தாண்டும். "நல்ல காரியம்தானே, யார் கேட்கப் போகிறார்கள்" என்ற பேச்சு சபைக்குள் எடுபடும், சட்டத்தின் முன் எடுபடாது. அனுப்புகூலி, அட்டைச் செலவு எல்லாம் சபையின் கணக்கில் கண்காட்சிச் செலவாகப் போகட்டும். அந்தப் பள்ளிக்கு உதவ வேண்டும் என்றால் அதைத் தனி முயற்சியாக, முறையான அனுமதியோடு, வேறொரு மாதத்தில் செய்யுங்கள்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், உண்டியல் பக்கத்தில் இருந்தால் படம் படமாக இருக்காது. பார்க்கிறவர் கண் முதலில் பிள்ளையின் செருப்பில்லாத காலுக்குப் போகும், பர்சைத் திறப்பார், இரண்டு வெள்ளி போடுவார், கடமை முடிந்தது என்று போய்விடுவார். அந்தக் கால் எவ்வளவு லாவகமாக வரையப்பட்டிருக்கிறது என்பதை யார் பார்ப்பது? சுவரொட்டியில் "ஏழைக் குழந்தைகளின் கைவண்ணம்" போன்ற சொற்களும் வேண்டாம். முதல் முறை நாங்கள் போட்டோம். அந்தப் பணிப்பெண் போகும்போது வாசலில் அதைப் படித்தார். எதுவும் சொல்லவில்லை. நான்தான் சொல்லிக்கொள்ள முடியாமல் நின்றேன்.

அடுத்தது கொஞ்சம் சங்கடமானது. மலையகப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்துக்கள். திருவிழாவை வரை என்றால் மாரியம்மன் தேரை வரைவார்கள், காமன் கூத்தை வரைவார்கள், மூலையில் ஒரு பிள்ளையார் இருப்பார். சபையில் மூத்தவர் ஒருவருக்காவது அது உறுத்தும். ஒரு தடவை "பிள்ளையார் படத்தை மட்டும் எடுத்துவிடலாமே" என்று கேட்டார்கள். எங்கள் போதகர் மறுத்துவிட்டார். ஆராதனை மண்டபத்தில் மாட்டவில்லை, விருந்தினர் வரும் கூடத்தில் மாட்டுகிறோம், வரவேற்ற பிறகு பாதிப் பேரை வாசலில் நிறுத்த முடியாது என்றார். படங்கள் வருவதற்கு முன்பே உங்கள் போதகரிடம் இதைப் பேசி முடித்துவிடுங்கள், வந்த பிறகு பேசினால் ஒரு குறிப்பிட்ட பிள்ளையின் படத்தைப் பற்றிய சண்டையாக மாறிவிடும். அதே மாதிரி மேசையில் துண்டுப் பிரசுரம் வேண்டாம். சர்ச்சுக்குள் காலெடுத்து வைக்கத் தயங்கும் இந்து, முஸ்லிம் நண்பர்கள் இதற்காக வருவார்கள். பக்கவாட்டுக் கதவைத் திறந்து வைத்து, ஞாயிறு மதியம் 2 மணியிலிருந்து 6 மணிவரை ஆள் போடுங்கள். பணிப்பெண்களுக்கும் ஊழியர்களுக்கும் விடுப்பு கிடைக்கும் நேரம் அது, அவர்களைவிட நன்றாகப் படம் படிக்கக்கூடியவர்கள் நமக்குக் கிடைக்க மாட்டார்கள்.

பரிசு கொடுக்கலாமா என்றும் கேட்பார்கள். போட்டிக்கு உலகத்தில் வேறு மேடைகள் இருக்கின்றன. கார்ட்டூனிஸ்ட் சங்கர் டெல்லியில் 1949-இல் தொடங்கிய குழந்தைகள் போட்டி அடுத்த வருடமே பிற நாட்டுப் பிள்ளைகளுக்கும் திறந்துவிடப்பட்டது. செக் நாட்டின் லிடிசே கிராமத்தில் 1967-இல் தொடங்கிய பிள்ளைகளின் ஓவியக் கண்காட்சி 1973 முதல் உலகப் பிள்ளைகளுக்கும் நடக்கிறது. நாஜிகள் அழித்த அந்த ஊர்ப் பிள்ளைகளின் நினைவாக ஏற்பட்டது அது. அங்கெல்லாம் நடுவர்கள் இருக்கிறார்கள், முறை இருக்கிறது. நம் கூடத்தில் அது வேண்டாம்.

பரிசுக்குப் பதிலாகப் பதில் அனுப்புங்கள். பார்வையாளர் குறிப்பேடு வைத்தால் "மிக அருமை", "வாழ்த்துகள்" என்று நூறு பக்கம் நிரம்பும், அதை வாங்கிப் பிள்ளை என்ன செய்யும்? ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஓர் உறை தொங்கவிட்டு, வரைந்தவரிடம் ஒரு கேள்வி எழுதிப் போடச் சொல்லுங்கள். முடிந்ததும் ஒருவர் உட்கார்ந்து எல்லாச் சீட்டையும் படித்துப் பார்த்து, முகவரி, தொலைபேசி எண் எழுதியவற்றை எடுத்துவிடட்டும். மீதியை அந்தந்தப் படத்தோடு கட்டித் திருப்பி அனுப்புங்கள். ஆமாம், மூலப் படங்கள் எல்லாம் திரும்பிப் போக வேண்டும், வந்தது போலவே பட்டர் பேப்பர் வைத்து. "நினைவாக ஒன்றிரண்டை வைத்துக்கொள்வோம்" என்று யார் கேட்டாலும் நகல் எடுத்துக் கொடுங்கள்.

மூன்றாவது கண்காட்சியில் ஈசூனிலிருந்து வந்த எட்டு வயதுப் பையன் ஒருவன், மலைக்கு நடுவே ரயில் போகும் படத்தின் உறையில் "உங்கள் ரயில் எத்தனை மணிக்கு வரும்?" என்று எழுதிப் போட்டிருந்தான். படங்களோடு அதுவும் போனது. இரண்டு மாதம் கழித்துச் சபை முகவரிக்கு ஓர் உறை வந்தது. உள்ளே புதுப் படம் ஒன்று, அதே ரயில், இந்த முறை பக்கத்தில் ஒரு கடிகாரமும். திருப்பிப் பார்த்தேன். "பத்து மணி என்டு சொல்லுவாங்க. ஆனா பிந்தித்தான் வரும். உங்க வீட்டுல இருந்து பாத்தா ரயில் தெரியுமா?" பையனிடம் கொடுத்தோம். அவன் வீட்டுச் சன்னலிலிருந்து பார்த்தால் எம்ஆர்டி ரயில் பாலம் நேராகத் தெரியுமாம். ஏ3 தாள் எங்கே கிடைக்கும் என்று அவன் அம்மா என்னிடம் கேட்டார். கடை சொல்லிவிட்டு, பின்பக்கம் பென்சிலில்தான் எழுத வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்பினேன்.